தட்டு ஸ்டாண்டில் மூன்று கம்ப்யூட்டர்கள்

கிருஷ்ணகிரி
12 மார்ச் 2025

அன்புத் தங்கை பொற்கொடிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நான், உன் அண்ணி, குட்டி வீரா மூவரும் இங்கே சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வாந்தி நின்றதா? மாப்பிள்ளை வேளைக்கு ஏதாவது சமைத்துத் தருகிறாரா? டாக்டர் படுத்திருக்கச் சொன்னால் படுத்தே இரு. போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் நடந்தது மறுபடி நடக்கக்கூடாது என்று அண்ணி தினமும் விளக்கேற்றுகிறாள்.

போன் இருக்கும்போது எதற்கு மெயிலில் இவ்வளவு நீளம் என்று நினைப்பாய். எனக்கு ஒரு விஷயம் கற்றுக்கொள்ள வேண்டும். நீதான் சொல்லித்தர வேண்டும்.

எங்கள் போச்சம்பள்ளி பிளான்ட்டில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்ப்பவர் நூர் முகமது. அவர் கழித்துப் போட்ட சின்னக் கம்ப்யூட்டர்கள் மூன்றை மேலே கேட்டு வாங்கி எனக்குக் கொடுத்தார். ஒவ்வொன்றும் டிபன் பாக்ஸ் அளவுதான். "கமலு, இந்த மூணையும் ஒண்ணாக் கோத்து ஒரே மெஷின் மாதிரி ஓட்டப் பழகிக்க. இனிமே பிளான்ட்ல எல்லாம் அப்படித்தான் வரப்போவுது" என்றார். அதற்கு குபெர்நெட்டீஸ் என்று ஏதோ பெயரும் சொன்னார். அயர்லாந்தில் நீ செய்யும் வேலையே அதுதான் என்று சொன்னதும் சிரித்துவிட்டார். "ஊட்லயே வாத்தியாரம்மா இருக்கறப்ப என்னைய எதுக்கு கேக்கற?"

இப்போது எனக்கு ஜெனரல் ஷிஃப்ட். பிரஸ் மெஷினோடு நிற்கும் வேலை இல்லை. அதனால் நேரம் கிடைக்கிறது.

வீடியோவில் சொல்லித்தர வேண்டாம். நெட் இழுக்கிறது. நீயும் அதிகம் பேசக்கூடாது. எழுத்தில் இருந்தால் நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்,
கமலக்கண்ணன்

~

கார்க்
15 மார்ச் 2025

அன்புள்ள அண்ணா,

நானும் வயிற்றுக்குள் இருக்கும் ஆளும் நன்றாக இருக்கிறோம். வாந்தி நின்றுவிட்டது. நவீன் செய்யும் ரசத்தைக் குடித்தால் மறுபடி தொடங்கும் போலிருக்கிறது. அண்ணியிடம் சொல், பயப்பட வேண்டாம்.

உன் மெயிலைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஜன்னலையும் மழையையும் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு லேப்டாப் ஆகாது என்று நவீன் பிடுங்கி வைத்துவிடுகிறார். "அண்ணனுக்குப் பாடம் எடுக்கிறேன்" என்றதும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்.

முதல் பாடம். கன்டெய்னர் என்பது சாப்பாட்டு கேரியர் மாதிரி. ஒரு புரோகிராம் ஓட என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் அதற்குள்ளேயே அடுக்கியிருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் கொண்டுபோய்த் திறந்தாலும் ஒரே மாதிரி ஓடும். குபெர்நெட்டீஸ் என்பது உங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர். எந்த வேலை எந்த மெஷினில் என்று பிரித்துவிடும். ஒரு மெஷின் படுத்துவிட்டால் அதன் வேலையை மற்றதற்குத் தள்ளிவிடும். இந்தக் குழுவில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நோடு என்று பெயர். ஒன்றை மேஸ்திரியாக வை, மற்ற இரண்டும் வேலையாட்கள். சின்ன மெஷின்களில் ஓடுகிற மாதிரி இதிலேயே எடை குறைந்த ஒரு வகை உண்டு. எப்படிப் போடுவது என்று தனியாக இணைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு கண்டிப்பு. எதையும் நகல் எடுத்து ஒட்டாதே. ஒவ்வொரு கட்டளையையும் உன் கையால் அடி. விரலுக்குப் பழகினால்தான் மண்டைக்குள் போகும். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

சரி, ஜெனரல் ஷிஃப்ட் எப்போது மாற்றினார்கள்? பிரஸ் மெஷினை விட்டு யாராலாவது உன்னை நகர்த்திவிட முடியுமா என்று பேசுவாயே.

வீராவுக்கு அத்தையின் முத்தம்.

அன்புடன்,
பொற்கொடி

~

கிருஷ்ணகிரி
9 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கீபோர்டு கெட்டுவிட்டது. போனில் வாயால் சொல்லச் சொல்ல அதுவே எழுதிக்கொள்கிறது. கன்டெய்னர் என்று நான் சொன்னால் அது "கண்டேன் ஐயர்" என்று எழுதுகிறது. நோடு என்றால் ரோடு. கண்ணில் பட்டதையெல்லாம் திருத்திவிட்டேன். எங்காவது ஐயர் தப்பியிருந்தால் நீயே புரிந்துகொள்.

மூன்று கம்ப்யூட்டருக்கும் இடம் கிடைத்துவிட்டது. சமையலறையில் இருந்த தட்டு ஸ்டாண்டை எடுத்துக்கொண்டேன். கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொன்றும் அளவெடுத்ததுபோல நிற்கிறது. காற்றும் நன்றாகப் போகிறது. உன் அண்ணி இரண்டு நாள் பேசவில்லை. "தட்ட எல்லாம் தரையில அடுக்கறதா? உங்க கம்ப்யூட்டரு சோறு போடுமா?" என்றாள். பிறகு அவளே கீழே ஒரு பழைய துணியை மடித்து வைத்தாள். நூர் பாய் ஒயர்களை அளவாக வெட்டி முனை போட்டே கொடுத்துவிட்டார். சொருகுவது மட்டும்தான் என் வேலை.

மேஸ்திரி ரோடு எழுந்துவிட்டது. வேலையாட்கள் இரண்டு பேரும் இன்னும் சேரவில்லை. நீ அனுப்பிய கட்டளைகள் மிக நீளம். ஒரு எழுத்து தவறினாலும் முதலிலிருந்து வரச் சொல்கிறது. நடுவில் கரண்ட் வேறு போய்விடுகிறது.

வெயில் ஏறிவிட்டது. சந்தைக்கு மாங்காய் வர ஆரம்பித்திருக்கிறது. அண்ணி இந்த சீசனுக்கும் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிறாள்.

ஜாக்கிரதையாக இரு.

உன் அண்ணன்,
கமலக்கண்ணன்

~

கார்க்
11 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் சுகம். குழந்தை அசைவது தெரிய ஆரம்பித்திருக்கிறது. மீன் வாலால் தட்டுவதுபோல இருக்கிறது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

"மேஸ்திரி ரோடு" என்று படித்து நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நவீன் ஓடி வந்துவிட்டார். ஆனாலும் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். நான் பாடம் எழுதி அனுப்பி எத்தனை வாரம் ஆகிறது? அதற்குள் வேலையாட்களைச் சேர்த்திருக்க வேண்டாமா? நம் வீட்டில் மிக்ஸி, மோட்டார், ரேடியோ என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்து மாட்டுகிறவன் நீ. ஒயருக்கு முனை போட நூர் பாய் எதற்கு? உனக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும்! ஒரு கீபோர்டு வாங்க ஒரு மாதமா? வாயால் சொல்லி எழுதுவது பழக்கமானால் கட்டளைகள் கைக்கு வரவே வராது. சோம்பல்படாதே அண்ணா.

தட்டு ஸ்டாண்டை போட்டோ எடுத்து அனுப்பு. பக்கத்தில் நீயும் நில். உன் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. நெட் இழுக்கிறது, நெட் இழுக்கிறது என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை?

வேலையாட்கள் சேராததற்குக் காரணம் அநேகமாக ரகசியச் சொல் தவறியிருக்கும். மேஸ்திரியிடமிருந்து எடுத்து அப்படியே கொடு. நகல் கூடாது என்ற விதி இதற்கு மட்டும் இல்லை. இன்னொன்று, இங்கிருந்தபடியே நான் உன் கம்ப்யூட்டர்களுக்குள் வந்து பார்க்க ஒரு வழி திறந்து வை. எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன். நீ எங்கே தடுமாறுகிறாய் என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணியையும் வீராவையும் விசாரித்ததாகச் சொல்.

பொற்கொடி

~

கிருஷ்ணகிரி
4 மே 2025

அன்புத் தங்கைக்கு,

சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? காலில் வீக்கம் இருக்கிறதா? போன ஞாயிற்றுக்கிழமை போனில் குரல் சோர்ந்திருந்தது.

வேலையாட்கள் இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள். ஒரு சின்னப் பக்கம் போட்டேன். போனில் திறந்தால் "வணக்கம் வீரா" என்று வரும். அவள் அதை வாசல் கூட்ட வரும் ஆள் வரைக்கும் காட்டிவிட்டாள். போன வாரம் அவளே நடுக் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். பக்கம் போய்விட்டது. அவள் அழ, நான் பதற, அண்ணி அடுப்படியிலிருந்து கத்த, ஒரே களேபரம். சற்று நேரத்தில் யாரும் தொடாமலே "வணக்கம் வீரா" திரும்பி வந்தது. ஓரத்துக் கம்ப்யூட்டர் அந்த வேலையை எடுத்துக்கொண்டிருந்தது. நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், கொடி. வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிளான்ட்டில் டேட்டா ரூம் என்று புதிதாக வருகிறது. எல்லா மெஷின்களின் கணக்கும் அங்கே வந்து சேரும். அதைப் பார்த்துக்கொள்ள உள்ளேயிருந்தே ஒரு ஆள் எடுக்கிறார்களாம். இந்த மாதக் கடைசியில் தேர்வு. நூர் பாய் என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். நீளமான கட்டளைகளைச் சுருக்கி அடிக்க வழி உண்டா? சோம்பல் என்று நினைக்காதே.

தட்டு ஸ்டாண்ட் போட்டோ இணைத்திருக்கிறேன். நான் தாடி எடுக்கவில்லை, அதனால் நிற்கவில்லை.

உன் அண்ணன்,
கமலக்கண்ணன்

~

கார்க்
9 மே 2025

அன்புள்ள அண்ணா,

நலமாக இருக்கிறாயா? இந்தக் கேள்வியை இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பதில் தாமதம்.

சுருக்க வழி உண்டு. ஒவ்வொரு கட்டளையின் தொடக்கத்திலும் வரும் நீளமான சொல்லுக்குப் பதில் ஒரே எழுத்து வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன். தேர்வில் இதெல்லாம் செல்லுமா என்று நூர் பாயிடம் கேட்டுக்கொள்.

இப்போது என் கேள்விகள். படுத்தே கிடப்பவளுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை என்ன?

நீ திறந்து வைத்த வழியாக உள்ளே வந்து பார்த்தேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க யாரோ ஒவ்வொரு எழுத்தாக அடித்து, அழித்து, அடித்துக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமையும் அப்படியே. அண்ணி மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போயிருப்பாள். வீராவுக்கு எழுதவே தெரியாது. அது நீதான். ஜெனரல் ஷிஃப்ட்டில் இருப்பவன் பகலில் வீட்டில் என்ன செய்கிறான்?

அண்ணியிடம் போனில் "அண்ணா எங்கே" என்றால் "இதோ இங்கதான்" என்கிறாள். அடுத்த நிமிஷம் மூக்கை உறிஞ்சுகிறாள். சளி என்கிறாள். இரண்டு மாதமாகவா சளி?

நோடுகள் மேஸ்திரிக்கு "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சத்தம் வராவிட்டால் மேஸ்திரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும். அதன் பிறகு இந்த நோடு சரியில்லை என்று முடிவு செய்துவிடும். நான் இரண்டு மாதம் பொறுத்துவிட்டேன். வேலை போய்விட்டதா? உடம்புக்கு ஏதாவதா? அண்ணிக்கும் உனக்கும் சண்டையா? எதுவாக இருந்தாலும் எழுது. நான் ஒன்றும் கண்ணாடிப் பாத்திரம் இல்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பொற்கொடி

~

கிருஷ்ணகிரி
14 மே 2025

அன்புள்ள பொற்கொடிக்கு,

அண்ணி முனிலட்சுமி எழுதுகிறேன். நீ சாப்பிட்டாயா, படுத்திருக்கிறாயா? படுத்திருந்தால் மட்டும் மேலே படி. மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள். எனக்கு மெயில் போடத் தெரியாது. காகிதத்தில் எழுதி போட்டோ எடுத்து என் போனிலிருந்து அனுப்புகிறேன். உன் அண்ணனுக்குத் தெரியாது. நீ எழுதியதைப் படித்துவிட்டு மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன பதில் எழுதுவது என்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிடுகிறார்.

பிப்ரவரி மாதம் பிரஸ் மெஷினில் அவருடைய வலது கை சிக்கிவிட்டது. நடுவில் இருக்கும் மூன்று விரலும் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை. இப்போது காயம் ஆறிவிட்டது. கம்பெனியில் லீவு கொடுத்திருக்கிறார்கள். திரும்பிப் போனால் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் பார்க்கும் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் என்னிடம் பேசின முதல் பேச்சு, "கொடிக்குச் சொல்லாத" என்பதுதான். "இப்பத்தான் அது வயித்துல தங்கியிருக்குது. இதக் கேட்டா தாங்காது. புள்ள பொறந்து கையில வர்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று என் தலைமேல் சத்தியம் வாங்கினார். போன வருஷம் உனக்கு ஆனதை அவர் மறக்கவில்லை. அதனால் நானும் ஒத்துக்கொண்டேன். போனில் உன் குரல் கேட்டால் எனக்குத் தாங்காது. அதுதான் சளி.

இடது கையால்தான் எல்லாம் அடிக்கிறார். நீ "கையால் அடி, விரலுக்குப் பழகு" என்று எழுதியிருந்தாயாம். அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிரித்தார். "வாத்தியாரு சொன்னா செஞ்சுதான ஆவணும்" என்று இடது கையை வைத்து ஆரம்பித்தார். நான் வேலைக்குப் போகும்போது உட்காருவார். திரும்பி வரும்போதும் அங்கேயேதான் இருப்பார். ஒரு நாள் வீராவின் கவுனுக்குப் பித்தான் போட முடியவில்லை. அன்றைக்கு மட்டும்தான் அழுதார்.

சத்தியத்தை மீறிவிட்டேன். நீ நேராகக் கேட்ட பிறகு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. தப்பு என்றால் என்னைத் திட்டு, அவரைத் திட்டாதே. உனக்கு ஏதாவது ஆனால் என்னால் இந்த வீட்டில் முகம் காட்ட முடியாது. படித்ததும் ஒரு வரி போடு.

அண்ணி

~

கார்க்
15 மே 2025

அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன், குழந்தையும் நன்றாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணியை ஒரு வார்த்தை சொல்லாதே.

நேற்று அண்ணி எழுதி அனுப்பியதைப் படித்ததிலிருந்து உனக்கு எத்தனையோ முறை எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். அவ்வளவு கோபம். பிப்ரவரி முழுக்க நான் இங்கே வெண்ணிறச் சுவரைப் பார்த்துக்கொண்டு நவீனின் ரசத்தைக் கேலி செய்துகொண்டிருந்தேன். நீ அங்கே அறுவைச் சிகிச்சைப் படுக்கையில் கிடந்தாய். யாரைக் கேட்டு இதை முடிவு செய்தாய்? அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று யார் இருக்கிறார்கள்? உனக்கு ஒன்று என்றால் நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தாய், சரி. எனக்குத் தெரியாமலே உனக்கு ஒன்று நடந்துவிட்டது என்பதை மட்டும் தாங்குவேனா?

சோம்பல்படாதே என்று எழுதினேன். முனை போட நூர் பாய் எதற்கு என்று எழுதினேன். விரலுக்குப் பழகினால்தான் என்று எழுதினேன். நீ அதையெல்லாம் படித்துவிட்டு "ஜாக்கிரதையாக இரு" என்று எனக்குப் பதில் போட்டிருக்கிறாய்.

நானும் ஒழுங்கில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்றது பொய். கர்ப்பப்பை வாய் திறக்கத் தொடங்கிவிட்டது என்று தையல் போட்டிருக்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் எதுவும் ஆகலாம் என்கிறார்கள். குளியலறைக்குப் போகக்கூடப் பயமாக இருக்கிறது. நீ பயப்படுவாய் என்றுதான் எழுதவில்லை. பார்த்தாயா, நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான்.

இனிமேல் அப்படி வேண்டாம் அண்ணா. வலித்தால் வலிக்கிறது என்று எழுது. நானும் எழுதுகிறேன். தேர்வுக்குப் போ. கம்பெனியில் இருப்பவர்களுக்கு உன் கையைப் பற்றித் தெரியும்தானே? இல்லை, அங்கேயும் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறாயா?

உன் கொடி

~

கிருஷ்ணகிரி
2 ஜூன் 2025

அன்புள்ள கொடிக்கு,

இதை இடது கையால் நானே அடிக்கிறேன். அதனால் இரண்டு நாள் ஆகும். தையல் எப்படி இருக்கிறது? வலி உண்டா? நீ சொன்ன மாதிரி உள்ளதை உள்ளபடி எழுது. எனக்கு இல்லாத விரல்களில் வலிக்கிறது. காலையில் அதிகம். இருக்கிற விரலுக்கு மருந்து தடவலாம், இதற்கு எங்கே தடவுவது? டாக்டர் போகப் போகக் குறையும் என்கிறார்.

எப்படி நடந்தது என்று கேட்பாய். தகடு சிக்கியது. எடுத்துவிடப் போனேன். மெஷின் இறங்கிவிட்டது. இதற்கு மேல் எழுத இன்னும் வரவில்லை.

தேர்வுக்குப் போனேன். டேட்டா ரூம் பொறுப்பாளர் ஹரீஷ்குமார் பெங்களூர்க்காரர், புதிதாக வந்தவர். என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் நான்கு பேர். மூன்று கம்ப்யூட்டர் கொடுத்து, கோர்த்து, ஒரு புரோகிராமை ஏற்றிக் காட்டச் சொன்னார். வலது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே. பழகிவிட்டது. பஸ்ஸிலும் கடையிலும் அப்படித்தான் இருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு அடியும் தெரிந்தது. கைதான் வரவில்லை. பக்கத்தில் இருந்த பையன்கள் படபடவென்று அடித்து முடித்தார்கள். ஹரீஷ்குமார் என் பின்னால் வந்து நின்று, "ஏன் இவ்ளோ ஸ்லோ? ஆகுத்தா?" என்றார். முடியுமா என்று கன்னடத்தில் கேட்கிறார். நேரம் முடிந்தது. பாதிதான் ஏறியிருந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நூர் பாய் வராந்தாவில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"கையக் காட்டினியா?"

"இல்ல பாய்."

"அப்ப அந்தாளுக்கு என்ன தெரியும்? தெரியாதவன் தடவறான்னுதான் நெனப்பாரு."

எனக்கு உன் கடிதத்தின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. உள்ளே திரும்பப் போக என் கால் வரவில்லை, கொடி. மெஷின் கையில் இறங்கியபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய் வலது கையை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். "சார், எனக்கு வேல தெரியும். நேரம்தான் கொஞ்சம் கூட வேணும்" என்றேன்.

அவர் கையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே ரீ" என்று அவர்கள் ஊர் மரியாதையோடு சொன்னார். "ஷிஃப்ட் முடியற வரைக்கும் எடுத்துக்கோங்க."

முடித்தேன். முடித்துக் காட்டினேன். ஆனால் நேரம் கூட எடுத்ததைக் கணக்கில் சேர்ப்பார்களா தெரியவில்லை. முடிவை ஜூலையில் சொல்வார்களாம். வேலை கிடைக்காவிட்டால் கேட்தான்.

காமிரா மட்டும் இன்னும் வேண்டாம். கம்பெனிக்காரர்களிடம் காட்டியாயிற்று. உன்னிடம் காட்ட எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடு.

மாப்பிள்ளையின் ரசத்தைக் குறை சொல்லாமல் குடி.

உன் அண்ணன்,
கமலக்கண்ணன்

~

கார்க்
14 ஜூலை 2025

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

நவீன்குமாரின் வணக்கம். நீங்கள், அக்கா, வீரா எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

நேற்று மாலை பொற்கொடிக்கு வலி வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. நாள் வருவதற்கு முன்பே பிறந்துவிட்டதால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறது. பொற்கொடி மயக்கத்தில் இருக்கிறாள். ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. போன் செய்தேன், உங்கள் லைன் கிடைக்கவில்லை.

உள்ளே கொண்டுபோகும்போது அவள் என்னிடம் சொன்னது, "அண்ணனுக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்க." அதனால் எதையும் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். மேற்கொண்டு தெரிந்ததும் சொல்கிறேன்.

நவீன்குமார்

~

கிருஷ்ணகிரி
19 ஜூலை 2025

அன்புள்ள கொடிக்கு,

நீ கண்விழித்துவிட்டாய் என்று மாப்பிள்ளை போன் செய்தார். அதன் பிறகுதான் அண்ணி அடுப்பு மூட்டினாள். குழந்தைக்கு இன்னும் குழாய் எடுக்கவில்லை என்றார். இதை நீ எப்போது படிப்பாயோ தெரியாது. படிக்காவிட்டாலும் பரவாயில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாப்பிள்ளையின் மெயில் வீட்டு நெட்டில் வந்தது, ஆனால் போன் பேச அன்று எங்கள் தெருவில் டவர் இல்லை. அண்ணி போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாங்காய் லாரிகள் நிற்கும் ரோடு வரைக்கும் ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. நான் வீட்டில் தட்டு ஸ்டாண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்று பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. இதெல்லாம் விழுந்தால் எழுந்துவிடும். நீ எழுந்திருப்பாயா என்று எனக்கு யார் சொல்வார்கள்?

என் கை அடிபட்டதை நீ மூன்று மாதம் கழித்துத் தெரிந்துகொண்டாய். உன் செய்தி எனக்கு மறுநாளே வந்துவிட்டது. அதிலிருந்து இந்த ஐந்து நாளில் நான் பாதி செத்துவிட்டேன். ஆனாலும் மாப்பிள்ளை மறைத்திருந்தால் அவரை நான் மன்னித்திருக்க மாட்டேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உனக்கு நான் செய்தது தப்பு.

டேட்டா ரூமிலிருந்து தகவல் வந்தது, என்னை எடுத்திருக்கிறார்கள். ஆறு மாதம் வைத்துப் பார்க்கிறார்களாம். சரியாகச் செய்தால் நிரந்தரம். திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. நீ கண்விழித்தது போதவில்லை, அந்தக் குழாயையும் எடுக்கட்டும், பிறகு சந்தோஷப்படுகிறேன்.

குழந்தை யார் ஜாடை?

உன் அண்ணன்,
கமலக்கண்ணன்

~

கார்க்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

நாங்கள் மூன்று பேரும் வீட்டில் இருக்கிறோம். இந்த வரியை எழுதத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன். குழாய் எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. மூச்சு அவளே விடுகிறாள். எடை ஏறுகிறது. எனக்கு எழுந்தால் தலை சுற்றுகிறது, தையல் இழுக்கிறது. மற்றபடி தேவலாம். உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன்.

நேற்று வீடியோவில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நேற்று ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று சொல்லவில்லை.

நீ காமிராவை ஆன் செய்யும்போது உன் முகமும் இடது தோளும் மட்டும் தெரிகிற மாதிரி போனை வைத்திருந்தாய். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். நீயாகக் காட்டும் வரைக்கும் கேட்கக்கூடாது என்று நவீனிடமும் சொல்லி வைத்திருந்தேன். டேட்டா ரூமில் ஹரீஷ்குமார் உன் கட்டளைச் சுருக்கங்களை எழுதி வாங்கிக்கொண்டதைச் சொன்னாய். அண்ணி கருப்பட்டி போட்ட லேகியம் அனுப்புவதாகச் சொன்னாள். வீரா போனைப் பிடுங்கப் பார்த்தாள். உன் கை வெளியே வரவே இல்லை.

அப்புறம் நவீன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காமிராவுக்கு முன்னால் காட்டினார். அவள் கண்ணைத் திறந்து ஒரு பக்கமாகப் பார்த்தாள். நீ "ஏ குட்டி, மாமாவப் பாரு, இங்க பாரு" என்று கத்தினாய். முன்னால் குனிந்து கையை ஆட்டினாய். ஆட்டிக்கொண்டே இருந்தாய். அவள் மறுபடி தூங்கிய பிறகும் ஆட்டினாய்.

அது வலது கை, அண்ணா. உனக்கே தெரியவில்லை.

பத்திரமாக இரு. சாப்பிடு. அண்ணிக்கும் வீராவுக்கும் அன்பு.

உன் கொடி